ஆட்டுக்கறி கேட்ட தாய்மாமன்

அந்த ஓட்டலுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னது என் மகள் வாஷ்டி. கல்யாணப் பெண்ணே அவள்தான்.

"அம்மா, பிஸ்ராம் மாமூ நம்ம வீட்டுக்கு வர மாட்டாரு. அப்பா அவங்க வீட்டுக்குப் போக மாட்டாரு. சகுவானஸ் டவுன்ல புதுசா ஒரு இந்தியன் ரெஸ்டாரன்ட் தொறந்திருக்காங்க. யார் வீடும் இல்ல, யார் சமையலும் இல்ல. ரெண்டு பேரையும் அங்க உக்கார வச்சுப் பேசி முடி" என்றாள்.

படித்த பெண். முட்டிக்கொள்கிற ரெண்டு கிடாய்களை ஒரே மேஜையில் உட்கார வைத்தால் கொம்பு தானாக உதிர்ந்துவிடும் என்று எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்களோ!

புதன்கிழமை மத்தியானம் போனோம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நவரங் மஹால் என்று பேர் போட்டிருந்தது. உள்ளே ஏசி போட்டு எலும்பு வரைக்கும் குளிர வைத்திருந்தார்கள். என் புருஷன் ஹரிலாலுக்கும் என் தம்பி பிஸ்ராமுக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கக்கூடாது. எதிரெதிரே உட்கார்ந்தால் பார்த்துத்தானே ஆக வேண்டும்? அதனால் பிஸ்ராம் வந்து நான் இருந்த பக்கமே இடது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்த ஹரி, எதிர்ப்பக்கம் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வலது பக்கம் போட்டார். மூன்று பேரும் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஒரே வரிசையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தாஜ்மகால் படத்தை முறைத்துக்கொண்டிருந்தோம். மானம் போயிற்று.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், மாப்பிள்ளை ஊர்வலம் வருவதற்கு முன்னால், பந்தலில் பெண்ணின் அம்மாவை உட்கார வைப்பார்கள். அவள் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். அவள் கூடப் பிறந்தவன் வந்து மாவிலைக் காம்பைக் கடிக்கக் கொடுத்து, தன் கையால் தண்ணீர் புகட்டுவான். புகட்டிவிட்டு, "குளுந்துச்சா?" என்று கேட்பான். அவள் "குளுந்துச்சு" என்று சொன்னால்தான் பெண் மணவறைக்கு வரலாம். என் கல்யாணத்தில் எங்கள் அம்மாவுக்கு அவள் அண்ணன் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அதைக் கொடுக்க உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் பிஸ்ராம்.

ஹரிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "என் அத்தை மகன் ஜாகேஷைக் கூப்பிட்டா வந்து ஊத்திட்டுப் போறான். பண்டிதரே சரின்னு சொல்லிட்டாரு. யார் ஊத்தினா என்ன, தண்ணி தண்ணிதான்" என்றார் போன வாரம். "அப்ப யார் வச்சாலும் குங்குமம் குங்குமம்தானா?" என்று கேட்டேன். அன்றைக்கு அவருக்கு என் கையால் சோறு கிடைக்கவில்லை.

சண்டை எதனால் வந்தது? கொடியால் வந்தது. அம்மா கடைசியாகப் பண்ணின அனுமான் பூஜைக்குச் சிவப்புக் கொடியும் மஞ்சள் கொடியும் மூங்கிலில் கட்டி வாசலில் நட்டிருந்தாள். நட்ட கொடியை யாரும் பிடுங்கக்கூடாது. வெயிலில் வெளுத்து, மழையில் நைந்து, மூங்கில் இற்று அதுவாகத்தான் விழ வேண்டும். அம்மா போய்க் கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் ஹரி லாரியில் மணல் கொண்டு போனார். பிஸ்ராம் வீட்டில் ஒரு அறை கூடக் கட்டிக்கொண்டிருந்தான், அதற்காக இவர் சும்மா கொண்டு போய்க் கொடுத்த மணல். பின்னால் எடுத்தபோது லாரி கொடிகளின் மேலேயே ஏறிவிட்டது. அத்தனை மூங்கிலும் சக்கரத்துக்கு அடியில் நொறுங்கியது. இறங்கி வந்து "ஐயோ, தெரியாம நடந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "மூங்கில்தானேப்பா, வேற நட்டுக்க." பிஸ்ராம் சட்டையைப் பிடித்தான். இவர் மணலை அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார். "அந்த ஆள் வாசலை இனிமே மிதிச்சா நான் எங்கம்மாவுக்குப் பொறக்கல" என்று தெருவில் நின்று கத்தினான் என் தம்பி. எங்கள் ஊர் குனூபியா முழுக்கக் கேட்டது. அம்மா நட்ட கடைசிக் கொடி அது. தவறு என் புருஷன் மேல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சந்தோஷமாகக் கொண்டு போன மணலைச் சாக்கடையில் கொட்டும்படி ஆனதும் அவருக்கு வலித்தது. அதையும் நான் பார்த்தேன்.

ஓட்டல் முதலாளி குரானா அவரே வந்தார். உடம்பைப் பிடித்த கறுப்புக் கோட்டு. இந்தியாவிலிருந்து வந்து இறங்கி ரெண்டு வருஷம் இருக்கும். வந்ததும் எங்களிடம் இந்தியில் மடமடவென்று ஏதோ பேசினார்.

"என்ன சொல்றான் தீதி?" என்றான் பிஸ்ராம் என்னிடம். அக்காவை எங்கள் வீடுகளில் தீதி என்போம்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

குரானா சிரித்துக்கொண்டே இங்கிலீஷுக்கு மாறினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "மேடம், ஹரிலால்னு பேர் சொல்லி டேபிள் புக் பண்ணியிருக்கீங்க. மூஞ்சியப் பார்த்தா எங்க ஊர் மூஞ்சி. ஆனா தாய்மொழி மறந்து போச்சு. பாவம், உங்க தப்பு இல்ல. இந்தியாவுலேர்ந்து கப்பல்ல வந்த உங்க பாட்டன் பூட்டனுங்க எல்லாத்தையும் கடல்ல போட்டுட்டாங்க."

"கடல்ல ஒண்ணும் போடல சார். மொழிய இந்த மண்ணுல கரும்பு வெட்டறப்ப தொலைச்சிருப்பாங்க. நீங்க ஏசியில நின்னுட்டு இருக்கீங்க, அதனால தொலையல. மெனு குடுங்க" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை முதலில் போகும். அன்றைக்குக் காலையிலிருந்தே கோபம்தான்.

"வாத்துக்கறி இருக்கா?" என்று கேட்டார் ஹரி, சும்மா வம்புக்கு. எங்கள் தீவில் விருந்து என்றாலே வாத்துக்கறிதான்.

"வாத்தா? இந்தியாவில யாரும் வாத்து சாப்பிடறதில்ல சார்."

"அப்படின்னா இது என்ன ஓட்டல்?" என்று தாஜ்மகாலைப் பார்த்துச் சொன்னான் பிஸ்ராம். உடனே, ஹரி ஆரம்பித்த பேச்சுக்குத் தான் துணை போய்விட்டது உறைத்து வாயை மூடிக்கொண்டான்.

மெனு அட்டை வந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சாப்பாட்டு ஆசையால் இல்லை. கல்யாண வாரத்தில் சடங்கில் கை வைக்கப் போகிற யாரும் கறி, மீன், முட்டை தொட மாட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை முதல் எங்கள் வீட்டு அடுப்பில் காய்கறி மட்டும்தான். என் தம்பி என்ன சாப்பாடு கேட்கிறான் என்பதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிடும். பனீர் கேட்டால் வருகிறான். கறி கேட்டால் வர மாட்டான். அவனுக்கும் அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். ஹரிக்கும் தெரியும். குரானாவுக்கு மட்டும்தான் தெரியாது.

"துலாரி, உருளைக்கிழங்கு, பருப்பு, சாதம், நான் ரொட்டி போதும். உன் தம்பிக்கு என்ன வேணும்னு கேளு" என்றார் ஹரி.

"டேய், உனக்கு என்னடா வேணும்?"

"உன் புருஷன் என்ன வாங்கறாரோ அது எனக்கு வேணாம்னு சொல்லு."

"இங்கதானே உக்காந்திருக்காரு, நீயே சொல்லேன்."

"யாரு? நான் யாரையும் பாக்கல. எனக்கு இந்தப் பக்கம் தூணுதான் தெரியுது."

"தூணுக்குக் காது இருக்கு, உன் தம்பிகிட்ட சொல்லு" என்றார் ஹரி.

பிஸ்ராம் அட்டையைப் பிரித்தான். அவன் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. லாரி டயர் மாற்றி மாற்றித் தடித்துப்போன விரல், ஹரிக்கு முன்னாலிருந்தே அவனும் லாரிதான் ஓட்டுகிறான். பனீர் இருந்த பக்கத்தில் நின்றது. கொண்டைக்கடலைக்குப் போனது.  கத்தரிக்காய்க்குப் போனது. அப்புறம் அவன் அட்டையைத் திருப்பினான். திருப்பின பக்கம் முழுக்கக் கறி.

"ஆட்டுக்கறி. எலும்போட. பெரிய தட்டா கொண்டு வா" என்றான் குரானாவிடம், சத்தமாக.

ஹரி சிரித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத ஒரு சிரிப்பு அவரிடம் உண்டு, மூக்கால் சிரிப்பது. அந்தச் சிரிப்பு. "கேட்டுக்கிட்டியா? எழுதி ஒட்டியாச்சு. நான் அன்னைக்கே சொன்னேன், நீதான் கேக்கல."

என் கண் நிறைந்துவிட்டது. அழக்கூடாது என்று தாஜ்மகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவனோ ஒருவன் பெண்டாட்டிக்கு மலை மாதிரி கட்டி வைத்திருக்கிறான். எனக்கு ஒரு கை தண்ணீருக்கு வழியில்லை.

சாப்பாடு வந்தது. பித்தளைக் கிண்ணங்கள், மேலே கொத்தமல்லி, அதற்கும் மேலே பாலாடை ஒரு வட்டம். பருப்பு நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் பருப்பு இல்லை. சீரகம் கருகுகிற வாசனை இல்லாமல் என்ன பருப்பு? ஆட்டுக்கறியைப் பிஸ்ராம் முன்னால் வைத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தத் தட்டைப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கரண்டியால் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சார், காரம் எப்படி? உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுதான் போட்டிருக்கேன்" என்றார் குரானா.

"குறைச்சுப் போட்டியா? எனக்கா?" பிஸ்ராம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். மஞ்சளாகக் கெட்டியாக மிளகாய்ச் சாறு. அவன் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற தேள் மிளகாய். அதை அரைக்கும்போது அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் சாத்திக்கொள்வார்கள். "உங்க ஊர்க் காரம் எங்க ஊர்ல பிள்ளைங்களுக்குப் போடறது. இது பெரியவங்க சாப்பிடறது."

குரானாவின் முகம் சுருங்கியது. "சார், வெளியில இருந்து எதையும் உள்ள கொண்டு வரக்கூடாது. அதுவும் என் சமையல் மேல ஊத்தறது என்னை அவமானப்படுத்தற மாதிரி. பதினாறு மசாலா போட்டுச் சமைச்சது. நீங்க அதுல மிளகாய்த் தண்ணிய ஊத்தினா எப்படி? உங்க ஆளுங்க எல்லாரும் இப்படித்தான். வந்து உக்காந்த உடனே மிளகாய்ச் சாறு எங்கன்னு கேக்கறாங்க. இந்தியச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடணும்னே தெரியல."

"ஏன்யா, எங்களுக்கு இந்தியச் சாப்பாடு தெரியாதா?" என்று நான் திரும்பினேன். "இந்தத் தீவுல நீ வந்து இறங்கற வரைக்கும் நாங்க என்ன, மண்ணையா தின்னோம்? போய் வேற மேஜையில பாடம் நடத்து."

அவர் போனார். போகும்போது இந்தியில் என்னவோ முணுமுணுத்தார். திட்டு புரிவதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை.

அவர் போனதும் எங்களுக்குள்ளே ஆரம்பித்தது.

"உன் தம்பிகிட்ட கேளு துலாரி, ஊருக்கெல்லாம் கொடி கொடின்னு சொல்றானே, அன்னைக்கு நான் ஓசியில கொண்டு போன மணலைப் பத்தி எவன்கிட்டயாவது சொன்னானான்னு கேளு."

"மணல் கொண்டு வந்தா அம்மா தலைமேல லாரி ஏத்தலாமான்னு அவர்கிட்ட கேளு தீதி."

"அம்மா தலையா? மூங்கில்டா அது!"

"பாத்தியா? பாத்தியா? இன்னும் மூங்கில்னுதான் சொல்றாரு. வருஷமாச்சு, இன்னும் மூங்கில்!"

"டேய் மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"பாக்கட்டும். எங்கம்மா கையால கட்டின துணி. சிவப்புத் துணிய அவ மடியில வச்சுத் தச்சா. அதுமேல கறுப்பு டயர்த் தடம். நான் அந்தத் துணிய எடுத்து ஆத்துல விட்டப்ப இவரு எங்க இருந்தாரு கேளு. குவாரியில லோடு ஏத்திட்டு இருந்தாரு!"

ஹரி பதில் பேசவில்லை. அவர் பதில் பேசாமல் இருந்தால் அதைவிட மோசமாக எதையாவது செய்யப் போகிறார் என்று அர்த்தம். போனை எடுத்தார். எங்களுக்கு நடுவில், பருப்புக் கிண்ணத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"ஜாகேஷ், நான்தான். ஞாயித்துக்கிழமை வெள்ளை வேட்டி எடுத்து வை. ஆமா, தண்ணி ஊத்தறதுக்குத்தான். நீ வந்துடு, பண்டிதர்கிட்ட சொல்லிட்டேன்."

பிஸ்ராம் கரண்டியைக் கீழே வைத்தான். "நல்லது. ஜாகேஷுக்குக் கை பெருசு. தண்ணி நிறைய பிடிக்கும்" என்றான்.  

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. அந்த மருந்து பாட்டிலை எட்டி எடுத்தேன். மூடியைத் திறந்து என் சாதத்தின் மேல் கவிழ்த்தேன். முழுவதையும்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் ஹரி.

"தீதி, அது தேள் மிளகாய்!"

"தெரியும். ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க. எனக்குன்னு எங்கம்மா விட்டுட்டுப் போனது இந்த ஒருத்தன்தான். வேற நகை இல்ல, நிலம் இல்ல, இந்தக் கழுதை ஒண்ணுதான். எம்பொண்ணு கல்யாணத்துல கண்டவன் கையால நான் தண்ணி குடிக்கணுமா? அதுக்கு இத தின்னுட்டு நாக்கு வெந்து சாகறேன். நீ ஆட்டுக்கறி தின்னு. நீ போன் பேசு. நான் இத சாப்பிடறேன்."

அள்ளி வாயில் வைத்தேன். முழுங்கினேன். இன்னொரு கை அள்ளினேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. நாக்கு, தொண்டை, காது, மூளை எல்லாம் ஒரே அடுப்பு. கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. மூச்சு உள்ளே போனது வெளியே வரவில்லை. மூன்றாவது கைக்கு ஹரி தட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். "பால்! பால் கொண்டு வாங்கய்யா!" என்று கத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடினார். குரானா "லஸ்ஸி! லஸ்ஸி!" என்று கத்தினார். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

என் தோளைச் சுற்றி ஒரு கை வந்தது. என் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தது. மேஜையில் இருந்த ஜக்கை எடுத்து, தன் உள்ளங்கையைக் குழித்து, அதில் தண்ணீர் ஊற்றி, என் வாயில் விட்டான் பிஸ்ராம். மறுபடியும் ஊற்றினான். மறுபடியும். மிளகாய்க்குத் தண்ணீர் ஆகாது, எரிச்சலை இன்னும் பரப்பும் என்று இந்தத் தீவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவனே மிளகாய் அரைக்கிறவன், அவனுக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் மறந்துவிட்டான். என் ரவிக்கை, புடவை எல்லாம் தண்ணீர்.

"குளுந்துச்சா தீதி?" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பால் டம்ளரோடு ஓடி வந்த ஹரியும் நாலடி தள்ளி நின்றுவிட்டார். அவருக்கும் அந்த வார்த்தை தெரியும்.

எனக்குப் பேச்சு வர நேரமானது. வந்ததும், "இல்ல" என்றேன்.

"என்ன இல்ல? மூச்சு வருது, கண்ணு தொறந்துட்ட. ஒரு ஜக்கு ஊத்திட்டேன்!"

"இல்லைன்னா இல்ல. இந்த ஏசி ரூம்ல சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை பந்தல்ல வந்து கேளு."

அவன் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஹரி பாலை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடியும் மூன்று பேரும் ஒரே வரிசை, எதிரே தாஜ்மகால்.

குரானா உடைந்த தட்டைப் பெருக்கச் சொல்லிவிட்டு மேஜைக்கு வந்தார். அவருக்கு எங்களை எப்போது வெளியே தள்ளலாம் என்று இருந்திருக்கும். பிஸ்ராம் முன்னால் இருந்த கிண்ணத்தைத் தூக்கினவர் அப்படியே நின்றார்.

"என்ன சார் இது? ஒரு துண்டுகூடத் தொடல. சும்மா கிளறி வச்சிருக்கீங்க. என் கறியில என்ன குறை? அதையாவது சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். கறி அப்படியே இருந்தது, எலும்போடு, பாலாடை வட்டம் கலைந்து. பக்கத்தில் வெறும் நான் ரொட்டியைக் கிழித்து என் பருப்பில் தொட்டுத் தின்றிருக்கிறான், களவாணி.

"குறை ஒண்ணும் இல்ல. எடுத்துட்டுப் போ" என்றான் பிஸ்ராம்.

"கட்டித் தரட்டுமா? வீட்டுக்குக் கொண்டு போங்க."

"வேணாம்னு சொல்றேன்ல?"

"அப்ப எதுக்கு சார் வாங்கினீங்க? பெரிய தட்டுன்னு வேற சொன்னீங்க."

பிஸ்ராம் வெடித்துவிட்டான். "நான் விரதம்யா! போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கறி, மீன், முட்டை எதையும் தொடல. என் பொண்டாட்டி பட்டாணியா சமைச்சுப் போட்டுக் கொல்றா. போதுமா? இது திங்கறதுக்கு வாங்கல. இந்த ஆளு பாக்கறதுக்கு வாங்கினேன்!"

 குரானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் ஒரு பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்திருப்பார். தப்பாக நினைக்கவில்லை. அவர் ஆட்டுக்கறியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு அழுகையும் வந்தது, அவன் முதுகில் ரெண்டு வைக்க வேண்டும் போலவும் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து! நான் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்த ஒவ்வொரு நாளும் இந்தக் கழுதை அடுத்த தெருவில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டான். அவனும் என் அம்மா பிள்ளைதானே!

ஹரி ரொம்ப நேரம் நான் ரொட்டியின் ஒரு துண்டை விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார். தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"துலாரி, உன் தம்பிகிட்ட சொல்லு. நாளைக்குக் காலையில கரோனி ஆத்துப் பக்கம் மூங்கில் வெட்டப் போறேன், பந்தலுக்கு. கொடிக்கும் சேத்து வெட்டறேன்னு சொல்லு. அவங்கம்மா எங்க நட்டிருந்தாங்களோ அங்கயே நட்டுக் குடுக்கறேன்னு சொல்லு. லாரிய ரோட்டுலயே நிறுத்திட்டு, தோள்ல தூக்கிட்டு வரேன்னு சொல்லு."

எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் மன்னிப்பு அதுதான். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

பிஸ்ராம் மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடியும் சுருட்டினான்.

"தீதி, அவர்கிட்ட சொல்லு. அவருக்கு மூங்கில் பார்க்கத் தெரியாது. பிஞ்சு மூங்கிலா வெட்டிட்டு வந்தா ஒரு மழைக்குத் தாங்காது. நானும் வரேன்னு சொல்லு. விடியறதுக்கு முன்னாடி வாசல்ல நிப்பேன்னு சொல்லு."

ரெண்டு பேரும் நான் எடுத்துச் சொல்வேன் என்று காத்திருந்தார்கள், ஒருத்தர் இந்தக் காதுப் பக்கம், ஒருத்தர் அந்தக் காதுப் பக்கம். நான் மிச்சப் பாலைக் குடித்து டம்ளரை வைத்தேன். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தேன்.

"நீங்களே சொல்லிக்குங்க. எனக்கு வாய் எரியுது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த என் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றேன்.